கடல் பருந்துகளின் தளபதி



எங்கள் திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம் நடக்கும். பெரிய தேரின் வடத்தை ஆயிரக்கணக்கான மக்கள் பிடித்து இழுப்பார்கள். இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கடினம்! அதற்கென்றே சிலர் முட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்து வருவார்கள். சரியான நேரத்தில், சரியான இடத்தில் கட்டையைப் போட வேண்டும். ஒரு நொடி தவறினாலும் ஆபத்து.

இப்போது கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரு ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் கீழே இறங்குகிறது. அதை இரண்டு மூன்று விநாடிகளுக்குள் நிறுத்தியாக வேண்டும். இறங்கும் இடம் தரையும் இல்லை. நடுக்கடலில் அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு கப்பலின் மேல்தளம்!

சுதந்திரம் அடைந்து 14 ஆண்டுகளுக்குள் இந்தியர்கள் இந்த வித்தையைச் செய்து காட்டினார்கள். அப்போது இந்தியக் கடற்படையின் தலைவராக இருந்தவர், நம் தமிழ்நாட்டுச் செங்கல்பட்டில் பிறந்த ஒருவர். கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரும் அவர்தான். அவர் பெயர் வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. அவருடைய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பயிற்சிக் கப்பலில் ஒரு மாணவன்

ராம்தாஸ் கட்டாரி 1911ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஹைதராபாத்தில். அது ஆங்கிலேயர் ஆட்சிக் காலம். இந்தியாவுக்கு நீண்ட கடற்கரை இருந்தது. மீன்பிடிக்கும் படகோட்டிகள் இருந்தார்கள். கப்பல்களில் நெருப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறவர்களும், தளம் கழுவுகிறவர்களும் இந்தியர்களே. ஆனால் கப்பலை நடத்தும் அதிகாரி மட்டும் ஆங்கிலேயராக இருப்பார்!

இந்த நிலை மாற வேண்டும் என்று நம் தலைவர்கள் விடாமல் கேட்டார்கள். அதன் பலனாக 1927ஆம் ஆண்டு பம்பாயில் 'டஃபரின்' என்ற பயிற்சிக் கப்பல் தொடங்கப்பட்டது. வணிகக் கப்பல்களுக்கு இந்திய அதிகாரிகளைத் தயார் செய்வது அதன் வேலை. அதில் சேர்ந்த முதல் அணி மாணவர்களில் கட்டாரியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 16. உங்களில் சிலருக்கு அண்ணன் வயதுதான்!

வகுப்பறையே தண்ணீரில் மிதக்கும் பள்ளிக்கூடம் அது. கயிறு முடிச்சுப் போடுவது முதல் விண்மீன்களைப் பார்த்துத் திசை கண்டுபிடிப்பது வரை எல்லாம் பாடம். படிப்பை முடித்தபோது கட்டாரி வைஸ்ராயின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். 

ஆற்றையும் கடலையும் படித்தவர்

பதக்கம் பெற்றவுடன் பெரிய கப்பலுக்குத் தலைவர் ஆகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். கல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றை அளக்கும் பிரிவில்தான் அவருக்கு வேலை கிடைத்தது. ஆற்றை எதற்கு அளக்க வேண்டும் என்கிறீர்களா?

ஹூக்ளி ஒரு பொல்லாத ஆறு. அதன் அடியில் உள்ள மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று ஆழமாக இருந்த இடம் நாளை மேடாகிவிடும். கடலின் ஏற்ற இறக்கமும் ஆற்றுக்குள் வரும். எங்கே எவ்வளவு ஆழம் என்று தொடர்ந்து அளந்து வரைபடத்தைத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் கப்பல்கள் தரை தட்டாமல் கல்கத்தா துறைமுகத்தை அடைய முடியும். இது யாரும் கைதட்டாத வேலை. ஆனால் ஓர் எண் தப்பாகிவிட்டால் ஒரு கப்பலே போய்விடும். தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் பொறுமையோடு தெரிந்துகொள்ளும் பழக்கம் கட்டாரிக்கு இங்கேதான் ஏற்பட்டது.

1939இல் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. கட்டாரி கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கும் கலையில் பயிற்சி பெற்றார்.

கிணற்றுக்குள் குனிந்து கூவினால் என்ன ஆகும்? உங்கள் குரல் தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் அல்லவா? அதே போலத்தான் இதுவும். கப்பலிலிருந்து நீருக்குள் ஓர் ஒலியை அனுப்புவார்கள். அது நீர்மூழ்கியின் மேல் பட்டால் எதிரொலியாகத் திரும்பும். திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து நீர்மூழ்கி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். கேட்பவருக்குக் கூர்மையான காதும் அமைதியான மனமும் வேண்டும்.

கடைசியாகத் திறந்த கதவு

1947இல் நாடு சுதந்திரம் அடைந்தது. ஆனால் ஒரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகும் பத்து ஆண்டுகளுக்கு மேல் நம் கடற்படைக்கு ஆங்கிலேயரே தலைவர்!

தரைப்படைக்கு 1949இல் கரியப்பா முதல் இந்தியத் தளபதி ஆனார். விமானப்படைக்கு 1954இல் சுப்ரதோ முகர்ஜி வந்தார். கடற்படை மட்டும் காத்திருந்தது. ஏன்? கடற்படையின் முன்னோடியான அமைப்பில் முதல் இந்தியர் அதிகாரியாக்கப்பட்டதே 1928இல்தான். கப்பல்களையும் கப்பல் கூட்டத்தையும் நடத்தும் அனுபவம் ஒரே நாளில் வந்துவிடாது. அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. கடலில் நின்றுதான் கற்க வேண்டும்.

ஆற்றை அளந்த கட்டாரி படிப்படியாக உயர்ந்தார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளில், இந்தியக் கப்பற்படைத் தொகுதிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் ஆனார். 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் முழுக் கடற்படைக்கும் தலைவர் ஆனார். அப்போது அவருக்கு வயது 46. கடைசிக் கதவும் திறந்துவிட்டது!

கடலில் ஒரு விமான நிலையம்

கட்டாரி பொறுப்பேற்றபோது அவர் முன் ஒரு பெரிய வேலை காத்திருந்தது.

இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போரின்போது 'ஹெர்குலிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டத் தொடங்கினார்கள். 1943இல் வேலை ஆரம்பித்தது. 1945இல் போர் முடிந்துவிட்டது. கப்பல் அரைகுறையாக அப்படியே கிடந்தது. அதை இந்தியா 1957இல் வாங்கி, புதிய வசதிகளோடு கட்டி முடிக்கச் சொன்னது.

அது நாட்டில் உணவுப் பற்றாக்குறை இருந்த காலம். வெளிநாட்டிலிருந்து கோதுமையை இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். இவ்வளவு செலவில் இப்படி ஒரு கப்பல் தேவைதானா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் நம் நாட்டை முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஆட்டிப் படைத்த ஐரோப்பியர்கள் எல்லோரும் வந்தது கடல் வழியாக அல்லவா? கரையில் நின்றுகொண்டு கடலைக் காக்க முடியாது என்று அரசு முடிவு செய்தது. பணம் கொடுத்துக் கப்பலை வாங்கிவிடலாம். அதை நடத்தத் தெரிந்த மனிதர்களை எங்கே போய் வாங்குவது? அவர்களைத் தயார் செய்ய வேண்டிய பொறுப்பு கட்டாரியின் தலைமையில் இருந்த கடற்படைக்கு.

கப்பல் எவ்வளவு பெரியது தெரியுமா? நீளம் 700 அடி. எங்கள் அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி. மூன்று ராஜகோபுரங்களை அடுத்தடுத்துப் படுக்க வைத்தாலும் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும்! ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் வேலை செய்தார்கள்.

1961ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் பெல்ஃபாஸ்ட் நகரில் இந்தியத் தூதர் விஜயலட்சுமி பண்டிட் அந்தக் கப்பலைக் கடற்படையில் சேர்த்துவைத்தார். அதற்கு 'விக்ராந்த்' என்று பெயர் சூட்டப்பட்டது.

கடல் பருந்து

விக்ராந்தில் இரண்டு வகை விமானங்கள் இருந்தன. ஒன்று பிரான்ஸ் நாட்டு 'அலிஸே'. நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்கும் விமானம் அது. இன்னொன்று பிரிட்டனின் 'சீ ஹாக்'. கடல் பருந்து என்று சொல்லலாம். அதுதான் தாக்குதல் நடத்தும் ஜெட் விமானம்.

சீ ஹாக்கில் ஒரே ஒருவர்தான் உட்கார முடியும். ஒரே ஓர் எஞ்சின். மூக்கின் அடியில் நான்கு பீரங்கித் துப்பாக்கிகள். இறக்கைக்கு அடியில் குண்டுகளைத் தொங்கவிடலாம். கப்பலில் இடம் குறைவு அல்லவா? அதனால் உட்கார்ந்த பறவை சிறகை மடிப்பதுபோல இதன் இறக்கைகளை மேல்நோக்கி மடித்து வைப்பார்கள். மடித்த விமானங்களை லிஃப்டில் ஏற்றிக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோவார்கள்.

சரி, இவ்வளவு சின்ன இடத்திலிருந்து எப்படிப் பறக்கும்?

பட்டம் விட்டிருக்கிறீர்களா? காற்றை எதிர்த்து ஓடினால்தான் பட்டம் சட்டென்று மேலே ஏறும். அதே போல விமானம் கிளம்பும்போது கப்பல் காற்று வீசும் திசையை நோக்கித் திரும்பி வேகமாக ஓடும். பிறகு கவண் கல்லைப்போல விமானத்தை முன்னால் எறிய வேண்டும். அதற்கு நீராவியால் இயங்கும் ஒரு கருவி தளத்தின் அடியில் இருந்தது. கப்பலின் கொதிகலனில் உண்டாகும் நீராவிதான் அதற்குச் சக்தி. இரண்டு மூன்று விநாடிகளில் விமானம் தளத்தின் விளிம்பைத் தாண்டி வானத்தில் இருக்கும்!

இறங்குவதுதான் இன்னும் கடினம். தளத்தின் ஓரத்தில் ஒரு பெரிய கண்ணாடி இருக்கும். அதில் ஓர் ஒளி தெரியும். இரு பக்கமும் வரிசையாக விளக்குகள். ஒளி வரிசைக்கு மேலே தெரிந்தால் விமானம் அதிக உயரத்தில் வருகிறது. கீழே தெரிந்தால் தாழ்வாக வருகிறது. வரிசையோடு சேர்ந்தே தெரிந்தால் சரியான பாதை. மலைமேல் தீபத்தைப் பார்த்துக்கொண்டே வழி நடப்பவர்களைப்போல விமானி அந்த ஒளியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

தளத்தின் குறுக்கே உறுதியான எஃகுக் கம்பிகள் கட்டியிருக்கும். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி தொங்கும். கொக்கி கம்பியில் மாட்டிக்கொண்டால் விமானம் இழுபட்டு நின்றுவிடும். நம் தேருக்கு முட்டுக்கட்டை, விமானத்துக்கு இந்தக் கம்பி! மாட்டாவிட்டால்? அதற்காகத்தான் தளம் தொட்டவுடன் விமானி எஞ்சினை முழு வேகத்தில் வைப்பார். நிற்கப்போகும் நேரத்தில் வேகமா என்று சிரிக்காதீர்கள். கம்பி தவறிவிட்டால் அந்த வேகத்தில்தான் மறுபடியும் மேலே எழும்பிச் சுற்றிவர முடியும். இல்லையென்றால் கடல்தான்.

1961ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் விக்ராந்தின் தளத்தில் முதல் ஜெட் விமானம் இறங்கியது. ஓட்டி வந்தவர் தஹிலியானி என்ற இளம் அதிகாரி. அவரே 1984இல் கடற்படைத் தலைவராகவும் ஆனார்.

இந்த விமானிகளுக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு கூடு இருந்தது தெரியுமா? கோயம்புத்தூருக்கு அருகில் உள்ள சூலூர்தான் அது. கடற்படையின் ஜெட் பிரிவு அங்கே இயங்கியது. 1961 செப்டம்பர் 5இல் அந்தத் தளத்துக்கு 'ஹன்சா' என்று பெயர் வைத்தார்கள். ஹன்சா என்றால் அன்னம்.

கோவாவில் ஒரு சோதனை

1961 நவம்பர் 3ஆம் நாள் விக்ராந்த் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. பிரதமர் நேரு வரவேற்றார். ஓய்வெடுக்க நேரம் இல்லை. அடுத்த மாதமே ஒரு சோதனை.

அப்போது கோவா போர்த்துக்கீசியர் வசம் இருந்தது. பேச்சு வார்த்தைகள் பலன் தரவில்லை. நவம்பர் மாதம் அஞ்சதீவு என்ற சிறு தீவிலிருந்து நம் பயணிகள் கப்பல் ஒன்றைச் சுட்டார்கள். டிசம்பர் 18ஆம் நாள் முப்படைகளும் கோவாவை நோக்கிச் சென்றன. கடற்படைக்குத் தலைவர் கட்டாரி. விக்ராந்த் நடுக்கடலில் ரோந்து சுற்றிக் காவல் காத்தது. அஞ்சதீவை மீட்கச் சென்ற நம் மாலுமிகளில் 7 பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் கோவா விடுதலை பெற்றது.

வெற்றியைப் பற்றிப் பேசும்போது அந்த ஏழு பேரையும் மறக்கக் கூடாது, குழந்தைகளே. போர் என்பது கணினி விளையாட்டு அல்ல. அதில் விழுந்தவர்கள் மறுபடி எழுந்திருப்பதில்லை.

கோவாவின் டபோலிம் விமானத் தளம் கடற்படைக்குக் கிடைத்தது. 1964இல் ஹன்சா சூலூரிலிருந்து அங்கே இடம் மாறியது. கடல் பருந்துகளுக்குக் கடற்கரையிலேயே கூடு அமைந்தது.

கப்பலிலிருந்து பேருந்துக்கு!

1962 ஜூன் மாதம் கட்டாரி ஓய்வு பெற்றார். வயது 50தான். அடுத்து என்ன வேலை பார்த்தார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்! ஆந்திர மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் தலைவர்! கப்பல்களை நடத்தியவர் பேருந்துகளை நடத்த வந்துவிட்டார். பெரிய பதவியில் இருந்துவிட்டோமே, இது நமக்குச் சிறியதாயிற்றே என்று அவர் ஒதுங்கவில்லை. பிறகு 1964 முதல் 1969 வரை பர்மாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். தமிழர்கள் பலர் பல தலைமுறையாக வாழ்ந்த நாடு அது.

விரிசல் விழுந்த கப்பல்

கட்டாரி ஓய்வு பெற்றாலும் கடல் பருந்துகளின் கதை முடியவில்லை. 1965இல் பாகிஸ்தானோடு போர் வந்தபோது விக்ராந்த் பழுது பார்க்கும் துறையில் நின்றுகொண்டிருந்தது. அதனால் போருக்குப் போக முடியவில்லை. பயிற்சி பெற்ற வீரர்களுக்கு அது எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்!

1971இல் மீண்டும் போர் மேகம். இப்போது வேறொரு சிக்கல். கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல்! கொதிகலன் இல்லாவிட்டால் நீராவி குறையும். நீராவி குறைந்தால் கப்பலின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் விமானம் எழும்பக் காற்று போதாது. பட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும்.

கப்பலைத் துறைமுகத்திலேயே விட்டுவிடலாமா என்ற கேள்வி வந்தது. ஆனால் கப்பலின் பொறியாளர்களும் விமானிகளும் பின்வாங்கவில்லை. பழுதை முடிந்தவரை சரிக்கட்டி, குறைந்த வேகத்திலேயே விமானங்களை ஏற்றி இறக்கப் பழகினார்கள். விக்ராந்த் வங்காள விரிகுடாவுக்குச் சென்றது.

1971 டிசம்பர் 4ஆம் நாள் சீ ஹாக் விமானங்கள் தளத்திலிருந்து சீறிப் பாய்ந்தன. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜார் விமானத் தளத்தைத் தாக்கின. அடுத்த நாட்களில் சிட்டகாங், குல்னா, மங்லா ஆகிய இடங்களுக்கும் சென்றன. கடல் வழி அடைபட்டது. டிசம்பர் 16இல் போர் முடிந்து வங்காள தேசம் என்ற புதிய நாடு பிறந்தது.

வெள்ளைப் புலிகள் என்று பெயர் பெற்ற 300ஆம் விமானப் பிரிவுதான் சீ ஹாக்குகளை ஓட்டியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கும், விக்ராந்தின் கேப்டன் சுவராஜ் பிரகாஷுக்கும் மகாவீர் சக்ரா விருது கிடைத்தது. அந்தப் போரில் ஒரு சீ ஹாக்கைக்கூட எதிரியால் வீழ்த்த முடியவில்லை. அப்போது கட்டாரிக்கு வயது 60. அவர் காலத்தில் தயாரான கப்பலும் விமானமும் பத்து ஆண்டுகள் கழித்து நாட்டுக்குக் கைகொடுத்தன.

பருந்தும் தளபதியும்

தன் கடல் வாழ்க்கையைக் கட்டாரி ஒரு நூலாக எழுதினார். 1983 ஜனவரி 21ஆம் நாள், 71ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் சீ ஹாக்கின் இடத்தைப் பிடிக்க 'சீ ஹாரியர்' என்ற புதிய விமானம் கோவாவுக்கு வந்து இறங்கியது. தளபதியும் அவர் காலத்துப் பருந்தும் ஒரே ஆண்டில் விடைபெற்றதுபோல ஆயிற்று!

விக்ராந்த் 1997இல் ஓய்வு பெற்றது. பல ஆண்டுகள் மும்பையில் காட்சிக் கப்பலாக நின்றது. பிறகு உடைக்கப்பட்டது. அதன் உலோகத்தில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிள் செய்யவும் பயன்பட்டது. ஆனால் பெயர் அழியவில்லை. கொச்சியில் நம் நாட்டிலேயே கட்டப்பட்ட புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2இல் கடற்படையில் சேர்ந்தது. அதன் நீளம் 262 மீட்டர். இப்போது கணக்குப் போடுங்கள்: 66 மீட்டர் உயரமுள்ள ராஜகோபுரங்கள் எத்தனை? கிட்டத்தட்ட நான்கு!

முதல் விக்ராந்தை வெளிநாட்டில் வாங்கினோம். இரண்டாவதை நாமே கட்டினோம். நடுவில் இருப்பது 61 ஆண்டுகள். அந்த நீண்ட பாதையின் தொடக்கத்தில் ஒரு பதினாறு வயதுப் பையன் பயிற்சிக் கப்பலில் ஏறினான். யாரும் பார்க்காத ஆற்றின் அடியை ஒழுங்காக அளந்தான். செய்த வேலை சிறியதானாலும் அதைத் திருத்தமாகச் செய்தவனைத் தேடிப் பெரிய வேலை வந்தது.

எங்கள் ஊரில் கடல் கிடையாது. உங்களில் பலருடைய ஊரிலும் இருக்காது. அதனால் என்ன? மலையடிவாரத்தில் பிறந்தவர்களும் மாலுமி ஆகலாம், விமானி ஆகலாம். பெண்களும் இப்போது கடற்படை விமானங்களை ஓட்டுகிறார்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் வரைபடப் புத்தகத்தை எடுத்து இந்த இடங்களைக் குறியுங்கள்: செங்கல்பட்டு, ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா, சூலூர், கோவா, காக்ஸ் பஜார், கொச்சி. எல்லாவற்றையும் ஒரு கோட்டால் இணையுங்கள். ஒரு மனிதரும் ஒரு விமானமும் சுற்றிய பாதை உங்களுக்குத் தெரியும்.

தெரிந்துகொள்ளுங்கள்

* டிசம்பர் 4 நம் நாட்டின் கடற்படை தினம். 

* அரக்கோணத்தில் உள்ள கடற்படை விமானத் தளத்தின் பெயர் ராஜாளி. 1992இல் தொடங்கப்பட்டது. ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் உள்ள தளத்தின் பெயர் பருந்து. இரண்டும் வேட்டைப் பறவைகள்!

* கோவாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் சீ ஹாக், அலிஸே விமானங்களை நேரில் பார்க்கலாம். அங்கே சுற்றுலா சென்றால் தவறவிடாதீர்கள்.